ஓசோன் ஓட்டை மூடினால் பூமி சூடாவது குறையுமா?

கேள்வி இதுதான்: "ஓசோன் ஓட்டை மூடிக்கொண்டு வருகிறது என்கிறார்கள். அந்த ஓட்டை வழியாகத்தானே வெப்பம் உள்ளே வந்துகொண்டிருந்தது? அது அடைபட்டால் பூமி சூடாவதும் குறைய வேண்டுமே, ஏன் குறையவில்லை?"

இதில் பாதி தவறு, பாதி சரி. ஓட்டை வழியாக வெப்பம் வரவில்லை. ஆனால் ஓசோனைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கையால், அதாவது 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால், பூமி சூடாவது நிஜமாகவே மட்டுப்பட்டிருக்கிறது. அந்த நடவடிக்கை மட்டும் இல்லாமல் போயிருந்தால் இன்றைய கோடையை விட மோசமான கோடையில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். காரணம் மட்டும் நீங்கள் நினைக்கும் காரணம் அல்ல.

முதலில் ஓட்டையைப் பார்த்துவிடுவோம். ஓசோன் பெரும்பாலும் தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 'படலம்' என்றதும் கெட்டியாக ஏதோ போர்த்தியிருப்பதுபோலத் தோன்றும். ஆனால் நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் அத்தனையையும் தரைக்கு இறக்கி, இங்குள்ள காற்றழுத்தத்தில் பரப்பினால் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். அது தடுப்பது புற ஊதாக் கதிர்களை. தோல் புற்றுநோய், கண்புரை, பயிர்ச் சேதம் எல்லாவற்றுக்கும் அந்தக் கதிர்கள் போதும். ஆனால் ஒரு கோளத்தையே சூடாக்கும் அளவு ஆற்றல் அவற்றில் இல்லை. போதாக்குறைக்கு, ஓட்டை விழுவது அண்டார்டிகாவுக்கு மேலே, பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. வேலூர் வெயிலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. இதைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். ஓசோனே ஒரு பசுங்குடில் வாயு, அதாவது பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. மேலடுக்கில் அது குறைந்தால், மொத்தக் கணக்கில் பூமிக்கு லேசான குளிர்ச்சிதான். ஆக, ஓட்டை மூடுவது தனியாகப் பார்த்தால் கொஞ்சம் வெப்பத்தைக் கூட்டவே செய்யும். அளவு சிறியதுதான், ஆனாலும் கணக்கில் அதை மறைக்கக் கூடாது.

அப்படியானால் லாபம் எங்கிருந்து வந்தது? ஓசோனைத் தின்ற வாயுக்களிடமிருந்து. குளோரோஃபுளோரோகார்பன்கள், சுருக்கமாக சிஎஃப்சி. ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரே டப்பா, மெத்தை ஃபோம் என்று 1930களிலிருந்து உலகம் முழுக்கப் புழங்கியவை. தீப்பிடிக்காது, நஞ்சில்லை, எதனோடும் வினைபுரியாது. அந்தக் கடைசி நல்ல குணம்தான் வினையானது. கீழே எதனோடும் சேராததால் அழியாமல் மிதந்து மேலடுக்குக்குப் போய், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுகிறது. ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும். மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் இதைச் சொன்னார்கள்; 1995இல் பால் குருட்ஸனோடு சேர்த்து நோபல் பரிசு பெற்றார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை 1974க்கு அடுத்த ஆண்டே நடந்தது. தமிழ்நாட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் வீரபத்ரன் ராமநாதன். படித்து முடித்ததும் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி கம்பெனியில் வேலை. கேஸ் ஏன் கசிகிறது, எப்படி நிறுத்துவது என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. சலிப்பாக இருந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அமெரிக்கா போய் முனைவர் பட்டம் பெற்று, நாசாவின் ஆய்வு மையம் ஒன்றில் இருந்தபோது, தான் கசிவைத் தடுக்கப் பாடுபட்ட அதே வாயுக்கள் ஓசோனைத் தின்கின்றன என்ற செய்தி அவர் கண்ணில் பட்டது. எல்லோரும் ஓசோனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் வேறொன்றைக் கணக்குப் போட்டார்: இந்த வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்குமா? 1975 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் விடை இருந்தது. பிடித்து வைக்கும், அதுவும் ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு என்று பார்த்தால் கார்பன் டை ஆக்ஸைடைவிடப் பல்லாயிரம் மடங்கு.

அவ்வளவு வீரியம் எப்படி? பூமி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே அனுப்புகிறது. அதில் சில அலைநீளங்களை நீராவி மறிக்கிறது, சிலவற்றைக் கார்பன் டை ஆக்ஸைடு மறிக்கிறது. 8 முதல் 12 மைக்ரான் வரையுள்ள பகுதியை மட்டும் இயற்கை ஏறக்குறையத் திறந்தே விட்டிருந்தது. வானிலை அறிவியலில் அதைச் 'சாளரம்' என்றே சொல்வார்கள். சிஎஃப்சியில் உள்ள கார்பன்–ஃபுளோரின், கார்பன்–குளோரின் பிணைப்புகள் சரியாக அந்தச் சாளரத்தில் வந்து உட்காருகின்றன. கார்பன் டை ஆக்ஸைடு ஏற்கெனவே நிறைய இருப்பதால் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சின்ன வித்தியாசம். திறந்திருந்த இடத்தில் புதிதாக வந்து நின்றால் பெரிய வித்தியாசம். காற்றில் இன்று சிஎஃப்சி-12இன் அளவு லட்சம் கோடி மூலக்கூறுகளில் சுமார் 500தான். ஆனால் ஒரு டன் சிஎஃப்சி-12, நூறு ஆண்டுக் கணக்கில், 10,000 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். பிரிட்டனின் அண்டார்டிக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஜோ ஃபார்மன், பிரயன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் ஹாலி விரிகுடா நிலையத்தின் அளவீடுகளை வைத்து ஓட்டையை அறிவித்தது 1985 மே மாதம். சிஎஃப்சியைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது 1987 செப்டம்பர் 16. இரண்டேகால் ஆண்டுதான். ஒப்பந்தத்தின் முகப்புரையிலேயே, இந்தப் பொருள்கள் காலநிலையைப் பாதிக்கக்கூடும் என்பதை உணர்ந்து கையெழுத்திடுகிறோம் என்று ஒரு வரி இருக்கிறது. அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் பயம் தோல் புற்றுநோய் பற்றித்தான்.

அந்த ஒரு வரியின் மதிப்பு எவ்வளவு என்பதை 2007இல்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நெதர்லாந்தின் ஹூஸ் வெல்டர்ஸ் குழு செய்த கணக்கு அது. 2010 வாக்கில் ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி டன் அல்லது அதற்கும் மேலான கார்பன் டை ஆக்ஸைடுக்கு இணையான வாயுவை மாண்ட்ரியல் ஒப்பந்தம் தடுத்துவிட்டிருக்கும் என்று வந்தது. காலநிலைக்காகவே போட்ட கியோட்டோ ஒப்பந்தம் தன் முதல் கட்டத்தில் குறைக்க நினைத்ததைப் போல ஐந்து, ஆறு மடங்கு. வேடிக்கை என்னவென்றால், கியோட்டோவின் பட்டியலில் சிஎஃப்சியே கிடையாது. 'அதை மாண்ட்ரியல் பார்த்துக்கொள்கிறது' என்று விட்டுவிட்டார்கள். பேசாமல் வேலை பார்த்தது மாண்ட்ரியல், மேடையேறிப் பேசப்பட்டது கியோட்டோ.

ஒப்பந்தமே இல்லாத ஓர் உலகத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்களும் உண்டு. பால் யங் குழு 2021இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. சிஎஃப்சி உற்பத்தி ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போயிருந்தால், இந்த நூற்றாண்டின் முடிவில் அந்த வாயுக்களின் நேரடிச் சூடு மட்டுமே 1.7 டிகிரி. அதற்கு மேல் நான் எதிர்பார்க்காத ஒரு கணக்கையும் சேர்த்திருந்தார்கள். ஓசோன் இல்லாமல் புற ஊதாக் கதிர் தாக்கினால் செடிகொடிகள் நன்றாக வளராது. வளராத செடி காற்றிலிருந்து கார்பனை இழுக்காது. அந்த வகையில் இன்னும் 0.5 முதல் 1 டிகிரி வரை. மொத்தம் சுமார் 2.5 டிகிரி, இப்போது நாம் ஏற்றிக்கொண்டிருக்கும் சூட்டுக்கு மேலே. கணினி மாதிரிதான், கடைசி தசமம் வரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் திசையிலும் ஏறத்தாழ அளவிலும் சந்தேகம் வைக்க இடமில்லை.

இதுவரை நல்ல கதை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியப் பார்த்தது இதற்குப் பிறகுதான்.

சிஎஃப்சியை நிறுத்தினால் ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் வேறு கேஸ் வேண்டுமே. முதலில் எச்சிஎஃப்சி வந்தது. மெக்கானிக்குகள் 'ஆர்-22' என்று சொல்வது அதில் ஒன்று. ஓசோனை முன்னதைப் போல அவ்வளவு கெடுக்காது, ஆனால் கெடுக்கும். அதற்கும் கெடு வைத்து, அடுத்து எச்எஃப்சி வந்தது. குளோரினே இல்லை, ஓசோனுக்குத் துளி ஆபத்தில்லை. ஆனால் ஃபுளோரின் இருக்கிறதே! அந்தச் சாளரத்தில் உட்காரும் குணம் அப்படியே இருந்தது. கார் ஏசியில் உள்ள ஆர்-134ஏ, கார்பன் டை ஆக்ஸைடைப் போல சுமார் 1,430 மடங்கு. ஸ்ப்ளிட் ஏசிகளில் வந்த ஆர்-410ஏ 2,088 மடங்கு. ஓசோனைக் காப்பாற்றிய கையோடு காலநிலைக்குப் புதுக் கடன் ஏறத் தொடங்கியது.

இதன் நடுவே ஒரு கூத்தும் நடந்தது. ஆர்-22 தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு கொஞ்சம் வரும். அது 14,800 மடங்கு வீரியம். அதை எரித்து அழித்தால் கார்பன் வரவு (மாசைக் குறைத்ததற்கான, விற்றுக் காசாக்கக்கூடிய சான்று) தருவதாகக் கியோட்டோ ஏற்பாடு செய்தது. எரிக்க ஆகும் செலவு சொற்பம், வரவு விலையோ ஏராளம். கழிவை எரித்து வரும் காசு, சரக்கை விற்று வரும் காசைவிட அதிகமானது. கழிவு வேண்டும் என்பதற்காகவே சரக்கு தயாரிக்கிறார்கள் என்ற புகார் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அந்த வரவுகளை ஏற்க மறுத்துவிட்டது. 2016இல் இந்திய அரசு, இங்குள்ள ஆலைகள் அந்தக் கழிவைத் தங்கள் சொந்தச் செலவிலேயே எரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. இந்த விஷயத்தில் எனக்கு இந்தியாவின் அந்த முடிவு மேல் மரியாதை உண்டு.

அந்த அறிவிப்பு வந்த இடம் ருவாண்டாவின் கிகாலி நகரம். 2016 அக்டோபர் 15 அதிகாலை, இரவு முழுக்கப் பேசி முடித்து, எச்எஃப்சியையும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஓசோனைத் தொடவே தொடாத ஒரு வாயுவை ஓசோன் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது! சட்டப்படி விசித்திரம், நடைமுறையில் மிகச் சரி. வேலை செய்யும் இயந்திரம் அங்கேதான் இருந்தது: 198 தரப்புகளும் சேர்ந்த ஒப்பந்தம், ஏழை நாடுகளின் ஆலைகள் மாறுவதற்குப் பணம் தர 1990இல் உருவாக்கிய பன்னாட்டு நிதி, எந்தப் பொருளை எந்த ஆண்டு எவ்வளவு என்று எழுதிய அட்டவணை. கிகாலித் திருத்தம் ஒழுங்காக நடந்தால் 2100க்குள் 0.3 முதல் 0.5 டிகிரி வரை தவிர்க்கலாம் என்பது உலக வானிலை அமைப்பும் ஐநா சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து 2022இல் தந்த மதிப்பீடு. ஒரே ஒரு வகை வாயுவுக்கு இது பெரிய தொகை.

இந்தியா இதை 2021இல் ஏற்றது. ஆனால் நமக்குக் கிடைத்த அட்டவணை தாராளமானது. 2024 முதல் 2026 வரையிலான பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, 2028இல் அளவை அதற்கு மேல் ஏறாமல் உறையவைக்க வேண்டும். 2032இல் 10 சதவீதம் குறைக்க வேண்டும். 2047இல் 85 சதவீதம். சீனா உட்பட மற்ற பெரும்பாலான வளரும் நாடுகளுக்கு 2024லேயே உறையவைக்கும் கெடு வந்துவிட்டது. வெயில் நாடு, ஏசி வீடுகள் இன்னும் குறைவு, அதனால் கால அவகாசம் கேட்டோம் என்பது நியாயம்தான். ஆனால் 2019இல் வந்த இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டமே, 2037–38க்குள் நாட்டின் குளிரூட்டல் தேவை 2017–18ஐப் போல எட்டு மடங்காகும் என்கிறது. அவகாசத்துக்குள் என்ன கேஸ் போட்ட ஏசிகள் விற்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் வீட்டு ஏசியின் வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290 என்று ஏதாவது ஒன்று இருக்கும். பக்கத்திலேயே எத்தனை கிலோ கேஸ் என்றும் போட்டிருக்கும். பழைய ஏசியில் ஒரு கிலோ ஆர்-22 இருக்கிறது என்று வையுங்கள். மெக்கானிக் வருகிறார், 'கேஸ் கம்மியா இருக்கு சார், புதுசா அடிச்சிடலாம்' என்கிறார். ஸ்பானரால் வால்வைத் திறந்து இருக்கும் கேஸைக் காற்றில் விடுகிறார். புஸ்ஸென்று ஒரு சத்தம், குழாயில் கொஞ்சம் பனி, முடிந்தது. அந்த ஒரு கிலோ, 1,810 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். ஆக அந்தப் புஸ் கிட்டத்தட்ட 780 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் 39,000 கிலோமீட்டர் ஓட்டியதற்குச் சமம். ஆர்-32 என்றால் 290 லிட்டர், பரவாயில்லை ரகம். ஆர்-290 என்பது புரோபேன், நம் சமையல் சிலிண்டரின் உறவுக்காரன். அது போட்ட ஏசியில் உள்ளதை முழுக்கத் திறந்துவிட்டாலும் காலநிலைக் கணக்கில் ஒரு லிட்டர் பெட்ரோல்கூட ஆகாது. தீப்பிடிக்கும் என்பதால் அளவைக் குறைவாக வைத்து, பயிற்சி பெற்றவரைக் கொண்டுதான் மாட்ட வேண்டும். இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ இதே குடும்பம்தான், அதற்கு யாரும் பயப்படுவதில்லை.

இன்னொன்று. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியது. வருஷா வருஷம் 'டாப்-அப்' கேட்கிறது என்றால் எங்கோ லீக் என்று அர்த்தம். லீக்கைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள், பிறகு கேஸ் போடலாம். பழைய ஏசியைக் காயலான் கடைக்குப் போடும்போது கேஸை சிலிண்டரில் இறக்கி எடுக்கச் சொல்வது சட்டம் இருந்தும் நம் ஊரில் வழக்கமாகவில்லை. உலகம் முழுக்கப் பழைய யூனிட்டுகளிலும் சுவர் ஃபோமிலும் இப்படி அடைபட்டுக் கிடக்கும் சிஎஃப்சி, எச்சிஎஃப்சி ஏராளம். மாண்ட்ரியல் ஒப்பந்தம் தயாரிப்பதைத்தான் தடுக்கிறது. இருப்பதை வெளியே விடுவதை அல்ல. என் பார்வையில் அதன் பெரிய ஓட்டை இதுதான்.

கேஸை மட்டும் மாற்றினால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிது. ஏசியின் வாழ்நாள் மாசில் கசியும் கேஸைவிடக் கரண்ட் கணக்குதான் பல நேரம் பெரிதாக வரும். கேஸை மாற்றும்போதே கம்ப்ரஸரையும் சிக்கனமாக்கினால் கிகாலியின் பலன் இரட்டிப்பாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2020 முதல் நம் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது இதையொட்டித்தான். ரிமோட்டை எடுத்து 18க்கு இறக்குவது நம் கைங்கரியம்.

ஒப்பந்தத்தை ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டா? உண்டு. சிஎஃப்சி-11 தயாரிப்பு 2010க்குள் உலகெங்கும் நின்றிருக்க வேண்டும். காற்றில் அதன் அளவு குறைந்துகொண்டும் வந்தது. ஆனால் 2012க்குப் பிறகு குறையும் வேகம் மந்தமாவதை அமெரிக்காவின் ஸ்டீபன் மொன்ட்ஸ்கா குழு கவனித்து 2018இல் வெளியிட்டது. யாரோ திருட்டுத்தனமாகத் தயாரிக்கிறார்கள்! தென்கொரியாவின் ஜெஜு தீவில் உள்ள கோசன் நிலையமும் ஜப்பானின் ஹதெருமா நிலையமும் காற்று வந்த திசையை வைத்துத் துப்பறிந்தன. கிழக்குச் சீனாவின் ஷான்டாங், ஹெபெய் மாகாணங்கள் பக்கம் கை நீண்டது. ஆண்டுக்குச் சுமார் 7,000 டன். ஃபோம் தயாரிப்பில் மலிவுக்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த 7,000 டன், காலநிலைக் கணக்கில் மூன்று கோடி டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு. விஷயம் வெளியானதும் சீன அதிகாரிகள் சோதனை நடத்த, 2019க்குள் அளவு சரசரவென்று இறங்கியது. காற்றில் லட்சம் கோடியில் ஒன்றிரண்டு மூலக்கூறு கூடினால்கூடக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால்தான் இந்த ஒப்பந்தம் தாக்குப்பிடிக்கிறது. கார்பன் டை ஆக்ஸைடு விஷயத்தில் கோடிக்கணக்கான புகைபோக்கிகள். அங்கே இப்படி ஆளைப் பிடிக்க முடியாது.

ஓசோனும் காலநிலையும் ஒரே திசையில் மட்டும் பேசிக்கொள்வதில்லை என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டை விழுந்ததால் அண்டார்டிகாவின் மேலடுக்கு வசந்த காலத்தில் குளிர்ந்து, தெற்கு அரைக்கோளத்தின் மேற்குக் காற்றோட்டம் துருவத்தை நோக்கி நகர்ந்தது. அதனோடு தெற்கு அரைக்கோளத்து மழையும் இடம் பெயர்ந்தது. 2000ஐ ஒட்டி அந்த நகர்வு நின்றுவிட்டதாகவும், ஓசோன் தேறத் தொடங்கியதே அதற்குக் காரணம் என்றும் 2020இல் அந்தரா பானர்ஜி குழு காட்டியது. மறுபுறம், கார்பன் டை ஆக்ஸைடு கீழே சூடாக்கினாலும் மேலடுக்கைக் குளிர்விக்கிறது. குளிர்ந்தால் ஓசோனை அழிக்கும் வினைகள் மிக உயரத்தில் மந்தமாகி, அங்கே ஓசோன் சீக்கிரம் தேறும். துருவத்தின் கீழ்ப்பகுதியிலோ −78 டிகிரிக்குக் கீழே பனிமேகங்கள் உருவாகி குளோரினுக்குத் தோதாகிவிடும். 2020 வசந்தத்தில் ஆர்க்டிக்கிலேயே பெரிய ஓசோன் இழப்பு வந்தது அந்த அளவு குளிர்ந்த ஒரு பருவத்தில்தான். இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், ஆர்க்டிக்கில் 2045, அண்டார்டிகாவில் 2066 வாக்கிலும் ஓசோன் 1980ஆம் ஆண்டு அளவுக்குத் திரும்பும்.

இன்னும் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் ஒரு வாயு இருக்கிறது: நைட்ரஸ் ஆக்ஸைடு. யூரியா போட்ட வயலிலிருந்து கிளம்புவது. கார்பன் டை ஆக்ஸைடைப் போல 273 மடங்கு சூடாக்கும். நூறாண்டுக்கு மேல் காற்றில் இருக்கும். மேலடுக்குக்குப் போய் ஓசோனையும் அழிக்கும். இன்று மனிதர்கள் வெளியிடும் வாயுக்களில் ஓசோனுக்கு அதிகச் சேதம் செய்வது இதுதான் என்று ஏ. ஆர். ரவிசங்கரா குழு 2009லேயே எழுதிவிட்டது. காலநிலைக்கும் ஓசோனுக்கும் சேர்த்துப் பலன் தரக்கூடிய அடுத்த பேரம் இதில்தான் இருக்கிறது. ஆனால் சிஎஃப்சியைத் தயாரித்தவை ஒரு சில கம்பெனிகள். மாற்றுச் சரக்கு கிடைத்ததும் அவையே ஒப்பந்தத்துக்கு ஒத்துழைத்தன. யூரியாவைப் போடுவதோ கோடிக்கணக்கான விவசாயிகள், அதுவும் அரசு மானிய விலையில். அதனால் மாண்ட்ரியல் கூட்டங்களில் அதைப் பட்டியலில் சேர்க்கும் பேச்சு இன்றுவரை தீர்மானம் என்ற அளவுக்கு வரவில்லை.